புழுதியைக் கூட்டுகிறோம், அளப்பதில்லை

தூய காற்றுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆந்திரத்தின் 13 நகரங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் சித்தூரும் ஒன்று. நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வந்திறங்கும் திருப்பதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், பட்டியலில் இருப்பதால் சித்தூருக்குப் பெரிதாக என்ன கிடைத்துவிடும் என்ற கேள்வியும் நியாயமானதே. நாடு முழுவதும் இத்திட்டத்தில் செலவான தொகையில் 64 சதவீதம் சாலைப் புழுதியைக் கட்டுப்படுத்தவே போனதாகவும், தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதம்கூட ஒதுக்கப்படவில்லை என்றும் தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024-இல் சுட்டிக்காட்டியது.

புழுதியின் எடையைக் குறைப்பதுதான் இங்கே இலக்கு. அப்புழுதிக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பிரேக் தேய்ந்தால் செம்பும் ஆன்டிமணியும், டயர் தேய்ந்தால் துத்தநாகமும் சாலையில் படிகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டிலேயே நாடெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், அதற்கு முன் பல பத்தாண்டுகள் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகாது. காற்றோடு எழும், மீண்டும் படியும். திருமலை மலைப்பாதையில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுவது நல்ல தொடக்கம். புகை போகும், டயர் தேய்வது போகாது. அதே மலையை அலிபிரியிலிருந்து வெறுங்காலுடன் ஏறுவோர் எத்தனை பேர்!

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது போதும். பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. உலகில் இரத்தத்தில் ஈயம் மிகுந்த சுமார் 80 கோடி குழந்தைகளில் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் இருப்பதாக 2020-இல் யுனிசெஃப் அமைப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் மதிப்பிட்டன.

சித்தூர் மாவட்டத்தில் இப்பேச்சு ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. கரகம்பாடியிலும் நூனெகுண்டலபள்ளியிலும் உள்ள அமரராஜா பேட்டரி ஆலைகளை மூடுமாறு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரல் 30-இல் ஆணையிட்டது. தொழிலாளர்களின் இரத்தத்திலும் சுற்றுப்புறத்திலும் ஈயம் மிகுந்திருப்பதாக வாரியம் கூறியது, நிறுவனம் மறுத்தது, ஆணையை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே நிறுத்தி வைத்தது. நிறுவனத்தின் தலைமையிலிருந்த ஜெயதேவ் கல்லா அப்போது தெலுங்கு தேசம் எம்.பி.; ஆட்சியிலிருந்ததோ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். அவ்வளவுதான், விவகாரம் கட்சிச் சண்டையாகிவிட்டது. வாரியம் சொன்னது சரியா, நிறுவனம் சொன்னது சரியா என்பது ஆய்வகத்தில் தீர வேண்டிய கேள்வி. அது மேடைகளில் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. 2024-இல் ஆட்சியும் மாறிவிட்டது. ஆட்சி மாறினால் மண்ணும் மாறிவிடுமா?

எல்லைக்கு இப்பால் நாமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் நச்சுக் கழிவு, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் குவியலாகவே கிடந்தது.

காற்றில் ஈயம் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. சாலையோர மண்ணுக்கும் பள்ளி மைதானத்துக்கும் இப்படி ஒரு வரம்பு வேண்டும். மாசுபட்ட இடங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை அடையாளம் காட்டும் பொறுப்பு அதில் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. திருப்பதியில் ஐ.ஐ.டி. இருக்கிறது, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மண்ணை அளக்க ஆளில்லை என்று எந்த ஆட்சியரும் சொல்ல முடியாது. இரு மாவட்டங்களிலும் பள்ளி மைதானங்களின் மண்ணையும், விடியற்காலையில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் புழுதியைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்களின் இரத்தத்தையும் முதலில் சோதிக்கட்டும். முடிவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டட்டும்.