டென்ட்டுக்குள் ஹீட்டரா? நான் வரலை சாமி!

ஜனவரியில் பிள்ளைகளோடு சோப்டா பக்கம் டென்ட் போடலாம் என்று டெல்லி நண்பர் கூப்பிட்டார். "உள்ளேயே கேஸ் ஹீட்டர் சார், குளிரே தெரியாது" என்றார். அதனால்தான் வரவில்லை என்றேன்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில், அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளத்துக்காரர்கள் 8 பேர் இறந்துபோனார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அறைக்கே இந்தக் கதி என்றால், ஜிப் போட்டு மூடிய டென்ட்? கரி போடும் அங்கீட்டியும் இதே ஆபத்துதான்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல ஸ்லீப்பிங் பேக், அடியில் தடிமனான மேட், காதை மூடும் குல்லா, காலடியில் வெந்நீர் பாட்டில். இதற்கும் அடங்காத குளிரா? இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் போவோம். மலை எங்கேயும் ஓடிப்போகாது.