தெருப் பெயர் கேட்கும் படிவம்: மருத்துவமனை இணையதளங்களும் சாதியும்

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே உள்ள பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளை ஒரு கடைக்காரர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம் ஊர்க் கட்டுப்பாடு. அந்தக் காட்சி காணொளியாகப் பரவி மாநிலத்தையே அதிரவைத்தது. கைதுகள் நடந்தன, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு மாதங்களுக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டத்தால் அவ்வளவு விரைவாகச் செயல்பட முடிந்ததற்கு ஒரு காரணம், அங்கே மறுத்தவருக்கு ஒரு முகம் இருந்தது. மறுப்பு நடந்த இடமும் சொல்லப்பட்ட சொல்லும் சான்றாக இருந்தன. நம் சட்டங்கள் தீண்டாமையை இப்படித்தான் கற்பனை செய்திருக்கின்றன. மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 5ஆம் பிரிவில் குற்றமாக்கியது. மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் பட்டியல் சமூகத்தவர் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமை என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே கூறுகிறது. இரண்டு சட்டங்களும் வாசலையும் வாசலில் நிற்கும் மனிதரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

அந்த வாசல் இன்று இடம் மாறிக்கொண்டிருக்கிறது. மேலநீலிதநல்லூர் ஒன்றியத்தின் ஒரு சிற்றூரிலிருந்து சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் சங்கரன்கோவிலுக்கோ தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏற வேண்டும். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இன்றுவரை அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்துச் செல்பவருக்கு, மருத்துவர் இன்று இருப்பாரா, கட்டணம் எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா என்பவை முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இவற்றுக்கான பதிலும் முன்பதிவும் தனியார் மருத்துவமனைகளில் மெல்ல மெல்ல இணையதளத்துக்கும் செயலிக்கும் நகர்கின்றன. ஆகவே மருத்துவமனைக்கு இணையதளம் வடிவமைப்பது வெறும் வணிக வேலை அன்று. அது வாசல் கட்டும் வேலை.

திரை சாதி பார்க்காது என்னும் நம்பிக்கை

ஒடுக்கப்பட்டோருக்குத் திரையின் மீது ஒரு நம்பிக்கை உண்டு. அதில் நியாயமும் உண்டு. வரவேற்பு மேசையில் இருப்பவர் ஊரைக் கேட்பார், பிறகு தெருவைக் கேட்பார், அதன்பின் குரலே மாறும். தெரிந்தவருக்கு முன்வரிசை கிடைக்கும்; மற்றவர் காத்திருப்பார். பதிவு செய்த வரிசைப்படி எண் வழங்கும் ஒரு கணினி இந்த அவமதிப்பைச் செய்யாது. முகம் பாராத வரிசை என்பது, முகம் பார்த்தே அளக்கப்பட்ட மக்களுக்குச் சிறிய விடுதலைதான்.

ஆனால் கணினி தானாக எதையும் கேட்பதுமில்லை, கேட்காமல் விடுவதுமில்லை. என்ன கேட்க வேண்டும், எதைக் கட்டாயமாக்க வேண்டும், எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் படிவத்தை எழுதுபவர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவுகள் பிழையாகும்போது என்ன நேரும் என்பதை 2021இல் நாடு முழுவதும் பார்த்தோம்.

அந்த ஆண்டு மே 1 முதல், 18 முதல் 44 வயது வரையிலானோர் கொரோனா தடுப்பூசி பெற கோவின் தளத்தில் இணையவழிப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பதிவுத் தளம் அப்போது ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் ஜூன் மாதத்தில்தான் சேர்க்கப்பட்டன. தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மே 31 அன்று இதைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. இணையத் தளத்தை மட்டுமே நம்பும் கொள்கையால் அனைவருக்கும் தடுப்பூசி என்னும் இலக்கை எட்ட முடியாது, அதன் சுமை விளிம்புநிலை மக்கள் மீதே விழும் என்று சுட்டிக்காட்டியது. நேரில் வந்து பதிவு செய்வது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஜூன் 13 வரை கோவினில் பதிவான 28.36 கோடிப் பேரில் 16.45 கோடிப் பேர், அதாவது 58 விழுக்காட்டினர், மையங்களில் நேரடியாகப் பதிவானவர்கள் என்று ஒன்றிய அரசே அறிவித்தது. மக்களில் பெரும்பகுதியினர் திரை வழியாக அல்ல, மனிதர் வழியாகவே வந்து சேர்ந்தார்கள்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) இதற்கான பின்னணியைத் தருகிறது. தமிழ்நாட்டில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் ஆண்கள் 70.2 விழுக்காடு, பெண்கள் 46.9 விழுக்காடு. இணையத்தைத் தொட்டதே இல்லாத பெண்கள் பாதிக்கும் மேல். அதன்பின் திறன்பேசிகள் பெருகியிருக்கலாம். ஆனால் வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி மகனின் பையில் வெளியூர் போயிருக்கையில், ஓடிபி எண் வரும் வரை காத்திருக்கச் சொல்லும் பக்கம் அந்த வீட்டுத் தாய்க்குப் பூட்டிய கதவுதான்.

படிவம் கேட்காமலே அறிந்துகொள்வது

மருத்துவமனை இணையதளத்தின் முன்பதிவுப் படிவம் சாதியைக் கேட்பதில்லை. ஆனால் பெயர், தந்தை பெயர், ஊர், தெரு என்று கேட்கும். தென்மாவட்டங்களில் ஊரும் தெருவும் சேர்ந்தால் சாதி தெரிந்துவிடும். இதை விளக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. மாநில அரசே ஒப்புக்கொண்ட உண்மை இது. ‘காலனி’ என்னும் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அரசு தன் ஏட்டிலிருந்து அகற்ற முன்வந்த அடையாளத்தை, தலைவலிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்கும் ஒருவரிடம் தனியார் படிவம் கட்டாயப் புலமாக வைத்துக் கேட்பது எதற்காக?

பெரும்பாலும் தீய நோக்கம் எதுவும் இருக்காது. வடிவமைப்பவர் விலைக்கோ இலவசமாகவோ கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டை எடுத்திருப்பார். அதில் முகவரிப் புலம் இருந்திருக்கும். அது அப்படியே தங்கிவிடும். முன்பதிவுக்குத் தேவையானவை ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், எந்தத் துறை, எந்த நாள் ஆகியவை மட்டுமே. முகவரி தேவையென்றால் மருத்துவரைப் பார்த்தபின் கேட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே கேட்டால், யாருக்கு எந்த நேரம் ஒதுக்குவது என்று முடிவு செய்பவரின் திரையில் தெருப்பெயர் வந்து நிற்கும். வரவேற்பு மேசையில் நேர்ந்த அதே அவமதிப்பு, இம்முறை சாட்சியில்லாமல் நேரும். காணொளி எடுக்க அங்கே எதுவும் இருக்காது; ‘அன்று இடமில்லை’ என்னும் குறுஞ்செய்தி மட்டுமே எஞ்சும்.

அரசின் கொள்கையும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்துக்காக 2020இல் வெளியிடப்பட்ட தரவு மேலாண்மைக் கொள்கை வரைவு, நுண்ணுணர்வுத் தரவுகளின் வரையறைக்குள் உடல்நல விவரங்களோடு சாதி, பழங்குடி அடையாளத்தையும் சேர்த்திருந்தது. சாதி என்பது கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் தரவு என்பதற்கு அது ஓர் ஒப்புதல். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நுண்ணுணர்வுத் தரவு என்னும் தனி வகையே இல்லை. ஒருவரின் சாதியும் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் அச்சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

எனினும் அதே சட்டத்தில் நாம் பற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு பிடிகள் உள்ளன. ஒன்று, தரவைப் பெற ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் எந்த மொழியிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதாவது, தமிழில் கேட்பது நம் உரிமை. இரண்டு, தரவைக் கையாள வேறொரு நிறுவனத்தை அமர்த்தினாலும் பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்ததே. இணையதளம் செய்தவர்மீது பழி போட்டு ஒதுங்க முடியாது. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அந்த அவகாசம் நமக்கும் பொருந்தும். கேள்விகளைத் தயார்செய்ய வேண்டிய காலம் இது.

யார் கையில் போகிறது நம் நோய்?

அமெரிக்காவில் 2022 ஜூனில் ‘தி மார்க்அப்’ செய்தி நிறுவனம், நாட்டின் முன்னணி மருத்துவமனைகளாகப் பட்டியலிடப்பட்ட 100இன் இணையதளங்களைச் சோதித்தது. அவற்றில் 33 தளங்களில் மெட்டா நிறுவனத்தின் பின்தொடர் நிரல் இருந்தது. முன்பதிவுப் பொத்தானை அழுத்தியவரைப் பற்றிய விவரங்கள் ஃபேஸ்புக்கின் உரிமையாளருக்குச் சென்றுகொண்டிருந்தன. வருகையாளர்களை எண்ணவும் விளம்பரத்தை அளக்கவும் இலவசமாகக் கிடைக்கும் சில வரி நிரல் அது. சங்கரன்கோவிலில் ஒரு சிறு மருத்துவமனைக்குத் தளம் செய்பவரும் அதே வரிகளை அதே எளிமையோடு ஒட்ட முடியும்.

தமிழ்நாட்டிலும் எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு தனியார் மருத்துவமனையின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாக 2022 டிசம்பரில் கிளவுட்செக் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. மருத்துவமனைக்கு மென்பொருள் சேவை வழங்கிய நிறுவனத்தின் வழியாகவே தரவு கசிந்ததாக அதன் மதிப்பீடு. அதற்கு முந்தைய மாதம்தான் தில்லி எய்ம்ஸின் கணினிகள் முடக்கப்பட்டிருந்தன. காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான பதிவுகள் வெளியானால் எவருக்கும் துயரம்தான். ஆனால் சாதியின் பெயரால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு அது இரண்டாவது ஒதுக்கலாகும். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு மறைந்து வாழும் ஓர் இளம் இணையருக்கு, கர்ப்பப் பரிசோதனைக்கான முன்பதிவிலுள்ள ஊர்ப்பெயர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நல்ல தளம் எப்படி இருக்கும்?

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. முதற்பக்கம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலம் இரண்டாவதாக வரலாம். எழுத்துகள் படமாக அல்லாமல் எழுத்தாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் பார்வையற்றவரின் திறன்பேசியால் அதை வாசித்துக் காட்ட முடியும். அசையும் படங்களால் கனத்துப்போகாமல், வேகம் குறைந்த இணைப்பிலும் திறக்க வேண்டும். முன்பதிவுப் பொத்தான் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதாகத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அழைப்பவருக்கும் நேரில் வருபவருக்கும் ஒரே வரிசையில் எண் தரப்பட வேண்டும்.

கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் தம் கட்டணத்தை அறையிலோ மருத்துவமனையிலோ பலகையில் காட்ட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அந்தப் பலகையின் உள்ளடக்கம் தளத்தில் மட்டும் காணாமல் போவது ஏன்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனை இடம்பெற்றிருக்கிறதா, எந்தெந்தச் சிகிச்சைகளுக்கு என்பதையும் முதற்பக்கத்திலேயே சொல்ல வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கி முன்பணம் கட்டியபின் ‘அட்டை இங்கே செல்லும்’ என்று அறிய நேரும் குடும்பத்துக்கு, அந்த ஒரு வரியின் மதிப்பு பல ஆயிரம் ரூபாய். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடில்லாத சிகிச்சையை உரிமையாக வகுத்துள்ளது. அதைத் தமிழில் வெளியிட்டு, புகார் அளிக்க ஓர் எண்ணையும் தருவது வாசலில் வைக்கும் உறுதிமொழியாக இருக்கும்.

இவற்றோடு, இணையதளத்தை வாசலாக்கும் அனைவரும் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத்திடமிருந்து ஒன்றைக் கற்க வேண்டும். பிள்ளைப்பேற்றைப் பதிவுசெய்யும் பிக்மி ஓர் இணையதளம்தான். மகப்பேறு நிதியுதவி முதல் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தேவைப்படுகிறது. ஆனால் அது பரவலாக இயங்குவதற்குக் காரணம், வீடு தேடிச் சென்று பதிவு செய்யும் கிராம சுகாதாரச் செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவமும் அதே வழியில்தான் நடக்கிறது. தரவு கணினியில் இருக்கலாம். கதவைத் தட்டுவது மனிதராக இருக்க வேண்டும். அந்தச் செவிலியரும் எல்லாத் தெருக்களுக்கும் ஒன்றுபோல் செல்கிறாரா என்பதை ஊர்தான் கவனிக்க வேண்டும்.

இறுதியாக, மாணவர்களுக்கு. மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பகுதிக் கல்லூரிகளில் கணினி படிப்போரில் சிலர் நாளை இந்தத் தளங்களைச் செய்யப்போகிறவர்கள். நம் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். மருத்துவமனை உரிமையாளர் நிறத்தைப் பற்றியும் படத்தைப் பற்றியும்தான் கேட்பார். தெருப் பெயர் எதற்கு, இந்தத் தரவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், திறன்பேசி இல்லாதவர் என்ன செய்வார் என்ற நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டியவர் வடிவமைப்பவர்தான். இயக்கத் தோழர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு: தம் பகுதி மருத்துவமனைகளின் தளங்களைத் திறந்து, கட்டாயப் புலங்களையும் மொழியையும் கட்டணத்தையும் குறித்துப் பட்டியலிட்டு, அதோடு நிர்வாகத்தைச் சந்திக்கலாம்.

பாஞ்சாகுளத்தில் மறுத்தவரை நம்மால் அடையாளம் காட்ட முடிந்தது. படிவத்தின் மறுப்பை அடையாளம் காட்ட, படிவம் எப்படிச் செய்யப்படுகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.