வண்ண அடையும் இளஞ்சிறார் கல்வியும்

பண்டிகை வருகின்றதென்றால் பெரியோர்க்குச் செலவும் சிறியோர்க்குக் களிப்பும் உடன் வருதல் உலக வழக்கம். புத்தாடை, பட்டாசு, பலகாரம் என்னும் மூன்றனுள் முன்னிரண்டும் கடையில் வாங்கப்படுவன. பலகாரம் ஒன்றே நெடுங்காலமாக வீட்டில் ஆக்கப்பட்டு வந்தது. இப்போது அதுவும் பெரும்பாலும் கடைக்குச் சென்றுவிட்டது. சென்றதனால் விளைந்த கேடு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றைப் பற்றிப் புதுவை நகரத்தை, சிறப்பாக அந்நகரின் தென்பால் உள்ள தேங்காய்த்திட்டை, மனத்திற் கொண்டு சில கூற விரும்புகின்றேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்: பண்டிகை நாளில் குழந்தைகளை அடுப்பங்கரைக்கு அழைத்து, இலை, பூ, கிழங்கு இவற்றின் சாற்றால் நிறமூட்டிய இனிப்பு அடைகளை அவர்கள் கையாலேயே செய்வித்தல் வெறும் பொழுதுபோக்கன்று, அவர்கள் உடம்புக்குக் காவலாய் நிற்கும் ஒரு கல்வியாகும்.

மாவைக் கரைத்துச் சுடுகல்லில் மெல்லிதாய் வார்த்தெடுக்கும் பண்டம் பல நாட்டிலும் உண்டு. பிரெஞ்சு மக்கள் அதனைக் கிரேப் என்பர். கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து எண்ண நாற்பதாம் நாளாகிய பிப்ரவரி 2-ஆம் நாளை ஷாந்த்லர் என்று கொண்டாடி, அன்று வீடுதோறும் கிரேப் வார்ப்பது அவர்கள் மரபு. ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டியை உதறி அடையைப் புரட்டினால், அவ்வாண்டு முழுதும் கையிற் பொருள் தங்கும் என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. ஆங்கிலேயர் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமையன்று இத்தகைய அடையைச் சுடுகின்றனர். மலாய் நாட்டாரோ, நறுமண இலையொன்றின் சாற்றால் மாவைப் பச்சையாக்கி மெல்லிய அடை வார்த்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலந்த பூரணத்தை உள்ளே வைத்துச் சுருட்டுகின்றனர். இலங்கைத் தமிழர் அவ்விலையை இரம்பை என்று அழைத்துத் தம் சமையலிலும் சேர்க்கின்றனர்.

நமக்கும் இது புதிதன்று. கார்த்திகை விளக்கீட்டுக்கு ஓர் அடை, பங்குனி நோன்புக்கு ஓர் அடை என்று நாளுக்கேற்ற அடை நம்மிடம் உண்டு. அப்பம் சுட்டு விற்போர் கூவியர் என்னும் பெயரோடு பெரும்பாணாற்றுப்படையிலேயே காணப்படுகின்றனர். 1674-ஆம் ஆண்டு தொடங்கி 1954-ஆம் ஆண்டு வரை, டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இடையிடையே கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையில் கிரேப்பும் தோசையும் ஒரே ஊரின் பண்டங்களாயின. ஆதலின் நான் கூறும் வண்ண அடையை அயல்நாட்டுப் பழக்கம் என்று எவரும் ஒதுக்க வேண்டுவதில்லை.

இனி, கேட்டைக் கூறுவேன். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புதுவையில் சிறுவர் விரும்பி உண்ணும் பஞ்சுமிட்டாயை உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதித்தபோது, அதன் ரோஜா நிறத்துக்குக் காரணம் ரோடமின்-பி என்னும் சாயம் என்பது வெளிப்பட்டது. அது துணிக்கும் தாளுக்கும் ஊட்டுதற்குரிய தொழிற்சாலைச் சாயம். அதனை உணவிற் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. புதுவையில் அதன் விற்பனை உடனே தடுக்கப்பட்டது. துறையினரிடம் தரச்சான்று பெற்ற பின்னரே விற்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. அதே திங்கள் 17-ஆம் நாள் தமிழ்நாட்டரசும் தடை விதித்தது. மார்ச்சுத் திங்களில் கர்நாடக அரசும் இவ்வகையில் நடவடிக்கை எடுத்தது.

தடை வேண்டியதே, அதனைக் குறை கூறுவார் எவரும் இரார். ஆயினும் தடை ஒன்றே போதுமோ? பஞ்சுமிட்டாயைக் கம்பிற் கட்டித் தோளிற் சுமந்து கடற்கரையில் திரிபவன் ஏழை. அவனுக்கு வேதியியல் கற்பித்தார் யார்? வெளிறிய மிட்டாயை நம் குழந்தை வேண்டாமென்று தள்ளுகின்றது. பளபளக்கும் மிட்டாய்க்குக் கை நீட்டுகின்றது. கண் கேட்கும் நிறத்தை விற்பவன் கொடுக்கின்றான். பஞ்சுமிட்டாயைத் தடுத்தால் அந்நிறம் வேறொரு தின்பண்டத்தில் ஏறி வரும். அதனையும் தடுத்தால் மற்றொன்றில் வரும். அதிகாரி ஒவ்வொரு தட்டுக்கும் காவல் நிற்றல் இயலாது. குழந்தையின் கண்ணையே காவலாக்குதல் ஒன்றே நிலையான வழி. அக்கண்ணைப் பழக்கும் பள்ளி அடுப்பங்கரை.

நிறத்தைப் பற்றிய அறிவு இந்நிலத்துக்கு அயலானதன்று. தேங்காய்த்திட்டு அரியாங்குப்பத்து ஆற்றின் கழிமுகத்தை அடுத்தது. தென்னையின் பெயரையும் மேட்டின் பெயரையும் ஒருங்கே தாங்கியது. இன்று மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் உடையது. அவ்வாற்றின் தென்கரையில்தான் அரிக்கமேடு உள்ளது. 1945-ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்ட செங்கற்றொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று கருதினார். பிற்காலத்தில், அவுரிச் சாயம் ஏற்றிய புதுவை நீலத்துணி கினே என்னும் பெயரோடு மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறிச் சென்றது. அந்நாளில் சாயம் என்பது செடியிலிருந்து உழைத்துப் பெறும் பொருள். 1856-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதே நிரம்பிய வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு ஊதாச் சாயம் ஒன்றை ஆக்கிய பின்னர், நிறம் மலிவாயிற்று. மலிந்தது தீதன்று, ஆடைக்குரிய சாயம் அடைக்கு ஏறியதே தீது.

இயற்கை நிறத்துக்கும் ஆலைச் சாயத்துக்கும் உள்ள வேற்றுமையை நூலில் படித்த குழந்தை மறந்துவிடும். கையால் அரைத்துக் கண்ணாற் கண்ட குழந்தை மறவாது. யாங்ஙனம் எனின், இயற்கை நிறங்கள் ஒரு நிலையில் நில்லா. பீட்ரூட்டின் செஞ்சாறு கல்லில் நெடுநேரம் காய்ந்தால் பழுப்பேறுகின்றது. எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்து இளஞ்சூட்டில் வார்த்தால் ஓரளவு நிலைக்கின்றது. கீரையின் பசுமை அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலும் புளிப்புச் சேர்ந்தாலும் மங்குகின்றது. சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைத் துளி பட்டவுடன் ஊதாவாகின்றது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தாற் சிவக்கும் என்பதை ஆலம் கரைக்கும் நம் வீட்டுப் பெண்டிர் அனைவரும் அறிவர். சோடா உப்புப் பட்டாலும் அவ்வாறே சிவக்கும். காரட்டின் பொன்னிறம் மட்டும் சூட்டுக்கு எளிதில் அஞ்சுவதில்லை. இவற்றை ஒருமுறை கண்ட குழந்தை, வெயிலுக்கும் தீக்கும் புளிப்புக்கும் அசையாது என்றும் ஒரே வண்ணமாய் ஒளிவிடும் பண்டத்தைக் கண்டால், "இஃது எதனால் ஆயிற்று?" என்று கேட்கும். அவ்வொரு கேள்வியே நாம் வேண்டும் காவல்.

செய்முறை எளிது. பச்சரிசி மாவு ஓராழாக்கும் கோதுமை மாவு ஓராழாக்கும் எடுத்து, சிறிது உப்பும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, தேங்காய்ப்பாலிற் கெட்டியாகக் கரைத்து அரைமணி நேரம் வைக்க வேண்டும். மாவில் வெல்லம் சேர்த்தால் அதன் பழுப்பு மற்ற நிறங்களை மறைத்துவிடும். ஆகையால் வெல்லத்தைத் தேங்காய்த் துருவலோடும் ஏலத்தோடும் கிளறிப் பூரணமாக்கித் தனியே வைக்க. மாவை ஐந்து கிண்ணங்களிற் பகிர்ந்து, ஒன்றில் பீட்ரூட்டுச் சாறு, ஒன்றில் அரைத்த காரட்டு, ஒன்றில் கீரைச் சாறு, ஒன்றில் சங்குப்பூ ஊறிய வெந்நீர் ஆறியபின், ஒன்றில் மஞ்சள் ஒரு சிட்டிகை எனச் சேர்த்துத் தோசை மாவின் பதத்துக்குக் கொணர்க. சங்குப்பூவில் இதழை மட்டுமே கொள்ள வேண்டும். விதையும் வேரும் ஆகா. எண்ணெய் தடவிய கல்லில் சிறு தீயில் உள்ளங்கை அகலத்துக்கு வார்த்து, மூடி வைத்து, சிவக்குமுன் எடுத்துப் பூரணத்தை வைத்து மடிக்கவும். கோதுமை சேர்வதால் அடை கிழியாது மடியும்.

வேலையை வயதுக்கேற்பப் பகிர்தல் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை பூவைக் காம்பு நீக்கித் தரும். எட்டு வயதினர் சாற்றைப் பிழிந்து வடிகட்டுவர். பத்து வயதுக்கு மேற்பட்டோர் பெரியவர் அருகில் நிற்க மாவை வார்ப்பர். அடுப்பும் கல்லும் பெரியோர் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். மற்றொன்றும் வற்புறுத்துவேன்: இவ்வேலையிற் பெண் குழந்தைகளை மட்டும் ஈடுபடுத்தி, ஆண் பிள்ளைகளை உண்பதற்கு மட்டும் அழைத்தல் அநியாயம். அரைக்கும் கை இருவர்க்கும் உண்டு. அறிவும் இருவர்க்கும் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பர். நியாயமான கேள்வியே. நான் நாள்தோறும் செய்யச் சொல்லவில்லை. ஆண்டில் இரண்டு மூன்று பண்டிகைகளே போதும். தாய் ஒருத்தியே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. தந்தைக்கும் அன்று விடுமுறைதானே! செலவோ மிகுதியன்று: ஒரு தேங்காய், ஒரு பீட்ரூட்டு, ஒரு காரட்டு, கைப்பிடிக் கீரை, வேலியில் படர்ந்த பூ.

வேறு சிலர், "சட்டம் இசைந்த சாயங்கள் உள்ளனவே, அவற்றை வாங்கிச் சேர்த்தால் என்ன?" என்பர். நம் நாட்டில் உணவுக்கு இசைந்த செயற்கைச் சாயங்கள் எட்டு. அவற்றுக்கும் பண்டமும் அளவும் வரையறுக்கப்பட்டுள்ளன. வாணலியின்முன் நிற்பவர் கை அவ்வளவை நிறுத்துப் போடுவதில்லை. 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைப் பருகிய குழந்தைகளிடம் அமைதியின்மை சிறிது மிகுந்ததாகக் கண்டு வெளியிட்டனர். 2010-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கைக் குறிப்பு அச்சிட வேண்டுமென்று விதித்தது. அவ்வாறனுள் நான்கு நம்முடைய எட்டிலும் உள்ளன. இதனால் அவை நஞ்சு என்று நான் முடிவு கூறவில்லை. ஒரு பண்டத்துக்கு நிறம் இன்றியமையாததன்று. இன்றியமையாததல்லாத ஒன்றுக்காக ஐயத்துக்கிடமானதை நம் குழந்தைக்கு ஊட்டுவானேன் என்பதே என் கேள்வி.

"இவ்வடையின் நிறம் மங்கலாக இருக்கின்றதே; பிள்ளைகள் விரும்புவரோ?" என்பது இறுதி மறுப்பு. கடையில் வைத்தால் விரும்பார் என்பது உண்மையே. தாம் பறித்த பூ, தாம் பிழிந்த சாறு, தாம் வார்த்த வட்டம் என்றால், அது கோணலாயினும் மங்கலாயினும் முந்திக்கொண்டு உண்பர். உழைப்பு நாவுக்குச் சுவையூட்டும் என்பதைப் பெரியோரும் அறிவோமன்றோ? அம்மங்கலான நிறத்தையே அழகென்று கொள்ளும் கண், பின்பு கடைத்தெருவிலும் அவ்வழகையே தேடும். வாங்குவோர் கண் மாறின் விற்போர் கையும் மாறும். அந்த ஏழை வணிகனுக்கும் தடையின்றிப் பிழைக்க வழி பிறக்கும்.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்களே! ஆய்வுச் சாலையில் அமிலமும் காரமும் சேரும்போது நிறம் மாறுதலைக் கண்டு குறித்துக்கொள்கின்றீர்கள். அப்பாடத்தை ஒரு சங்குப்பூவும் ஒரு எலுமிச்சம்பழமும் கொண்டு உங்கள் தம்பி தங்கையர்க்கு நடத்திக் காட்டுங்கள். வரும் பண்டிகையன்று அரைத்த சாற்றோடும் அடுப்பங்கரையில் அவர்களை அழைத்து நிறுத்துங்கள். உண்பதை இன்னதென்று கேட்டறிந்து உண்ணும் தலைமுறை ஒன்று உருவாவதற்கு ஐந்து கிண்ணம் மாவும் ஒரு தோசைக்கல்லும் உங்கள் பொறுமையும் போதும்.