உடல்நலப் பகுதி: வெயில் காயும் ஊரில் எலும்பு மெலிவதேன்?

கல்வராயன் மலையை அடுத்துள்ள சங்கராபுரம் வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இடுப்பு வலி, தொடைச் சோர்வு என்று மருத்துவரை நாடும் நம் பெண்களிற் பலர், "வைட்டமின் டி குறைவு" என்ற முடிவோடு வீடு திரும்புகின்றனர். வெயிலிலேயே வாழும் நமக்கு இக்குறை ஏன்? மாத்திரை விழுங்கினால் தீர்ந்துவிடுமா? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்போம்.

கதிரவனின் புறஊதாக் கதிர் தோலில் படும்போது வைட்டமின் டி உருவாகிறது. அது கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, ஒரு ஹார்மோனாகவே செயல்படுகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணை நிற்பது இதுவே. கறுத்த தோலிலுள்ள நிறமி அக்கதிரைத் தடுப்பதால், நமக்குக் கூடுதல் நேர வெயில் தேவைப்படுகிறது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் பாராதைராய்டு என்னும் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இவற்றின் ஹார்மோன் மிகுந்து சுரக்கிறது. எலும்பு என்னும் சேமிப்பிலிருந்து எடுத்து இரத்தத்தின் குறையை நிரப்புகிறது. இந்நிலை நீடித்தால் எலும்பு மெலிந்து போகும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தரையில் கையூன்ற வேண்டிய நிலை வந்தால், அதனை முதுமை என்று ஒதுக்கிவிடலாகாது.

திருப்பதி வட்டாரத்தில் நடைபெற்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு நாம் கருதத்தக்கது. கிராமத்து ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும், பெண்களில் 70 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தது. நகரத்துப் பெண்களிலோ இது 75 விழுக்காடு. வெயிலில் வயல்வேலை செய்வோருக்குமா இக்குறை என்று வியப்பு எழலாம். அவர்கள் உணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்னும் பொருளோ தானியங்களில் மிகுதி. சுண்ணாம்புச் சத்து குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் உயர்கிறது. அதன் விளைவாக உடலிலுள்ள வைட்டமின் டி விரைந்து செலவாகிறது. வெயில் ஈட்டித் தந்ததை வெறும் சோற்றுத் தட்டு தொலைத்துவிடுகிறது!

மாத்திரையின் எல்லையை அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவு; பாராதைராய்டு ஹார்மோன் சற்று அதிகம். ஆயினும் வெள்ளையரைவிட அவர்கள் எலும்பு உறுதியானது, முறிவும் குறைவு. மாதவிலக்கு நின்ற 208 கறுப்பினப் பெண்களுக்கு மூன்றாண்டுகள் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. இரு பிரிவினருக்கும் போதிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கச் செய்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வைட்டமின் டி கொடுத்தனர். எலும்புத் தேய்வில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. அவர்களுடைய எலும்பின் உறுதி நமக்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. எனினும், ஓர் எண்ணை மட்டும் கண்டு அஞ்சலாகாது என்பது இதிலிருந்து பெறும் பாடம். வலியும் சோர்வும் உள்ளவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் அளவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வதே முறை.

நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் டி ஏறத்தாழ 600 யூனிட். மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலம் ஒன்றில் இருப்பதோ 60,000 யூனிட்; அதாவது நூறு நாள் அளவு! மருத்துவர் இதை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு மட்டுமே எழுதித் தருவார். பக்கத்து வீட்டார் சொன்னார் என்று தாமே வாங்கி நாள்தோறும் உட்கொண்டால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து வாந்தி, மலச்சிக்கல், தீராத் தாகம் தோன்றும்; சிறுநீரகமும் பழுதாகக்கூடும். அதேவேளையில், மருத்துவர் எழுதித் தந்ததை வலி குறைந்தது என்று பாதியில் நிறுத்துவதும் தவறு.

இனி, வீட்டிலேயே செய்யத்தக்கவை:

காலை இளவெயிலில் இக்கதிர் மிகக் குறைவு. கண்ணாடி ஜன்னலும் இதைத் தடுத்துவிடும். முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணிக்குள், வாரத்தில் சில நாட்கள் வெயில் மேனியில் படவேண்டும். பர்தா பேணும் சகோதரிகள் மறைவான மொட்டைமாடியிலோ, சுவர் சூழ்ந்த கொல்லைப்புறத்திலோ முகமும் கைகால்களும் வெயில்பட இருக்கலாம். கடுங்கோடையில் முதியோர் இதைத் தவிர்ப்பது நலம்.

பெரியவர்களுக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. அரை லிட்டர் பாலில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 அளவு உண்டு. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியனவும் நல்லவை.

வீட்டிலுள்ள அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்பது நம் தாய்மார்களின் வழக்கம். கருவுற்ற மகளுக்கும் பாலூட்டும் மருமகளுக்கும் ஒரு குவளைப் பாலைத் தனியே எடுத்துவைப்பது அக்குடும்பத்தின் கடமை அல்லவா? மருந்துப் பொட்டலம் தேடுமுன், அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.