சோழருக்குக் குதிரை உண்டு; விலைதான் அதிகம்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பேருந்துகள் தினமும் மணிமங்கலத்தைத் தாண்டித்தான் போகின்றன. ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். கி.பி. 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று அந்த ஊர். கூரம் செப்பேடு அதைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மேற்கே போனால் தக்கோலம். 949இல் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட இடம். காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். 1780இல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையைச் சிதறடித்த இடம். கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே இத்தனை போர்க்களங்கள் கிடக்கின்றன.

அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில், ஒரகடத்தில், லைன் பேலன்சிங் பார்க்கிறவன் நான்; அதாவது வேலையை ஸ்டேஷன்களுக்குச் சமமாகப் பிரிப்பவன். சாயங்காலமானால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை விளையாடுகிறவன். அந்த விளையாட்டை மாற்றியமைக்கும் சின்னச் சின்ன மாட்களும் செய்திருக்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் ஒருநாள் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டுக் கேட்டான்: "சார், திராவிடர் எடுத்து ஆடினா அரேபியா மேப்ல தோத்துக்கிட்டே இருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஏன் சார் நைட் குதிரை இல்ல?" அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

1999இல் இந்த விளையாட்டு வந்தபோது அதில் இந்தியாவே கிடையாது. ரசிகர்கள் சேர்ந்து செய்த 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற மாட்தான் 2013இல் அதிகாரப்பூர்வ விரிவாக்கமாகி, 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகத்தைக் கொண்டுவந்தது. காபூலிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோருக்கும் ஒரே ஒட்டகப் படை. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்து அதை உடைத்தது. இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்கானது. இராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கதைத்தொடர் கிடைத்தது. திராவிடப் படைவீரர்கள் தமிழில் பதில் சொன்னார்கள். முதல் முறை அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பேலன்ஸ் என்றால் என்ன என்று ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாகரிகத்துக்கும் சில சலுகை, சில குறை. எது அதிகம் ஜெயிக்கிறது, எது தோற்கிறது என்று பார்த்து, தயாரிப்பாளர்கள் அவ்வப்போது எண்களைத் திருத்துவார்கள். ஒரு வரியில் ஓர் எண் மாறும். ஆனால் அந்த மாற்றத்தின் விளைவு அந்த வரியில் தெரியாது. இதை நான் தொழிற்சாலையில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஸ்டேஷனில் வேலை 58 நொடி ஆகிறது, லைனின் டாக்ட் டைம் (ஒரு வண்டிக்கு ஒதுக்கிய நேரம்) 55 நொடி என்றால், மூன்று நொடி வேலையைப் பக்கத்து ஸ்டேஷனுக்குத் தள்ளுவோம். அன்று மதியமே நெரிசல் நாலு ஸ்டேஷன் தள்ளி முளைக்கும். மாற்றியது ஓரிடம், மாறியது வேறிடம்.

விளையாட்டிலும் அப்படித்தான். திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் (ஆட்டத்தின் கட்டம்) ஏறும்போதும் 200 மரம் இலவசம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு வில்லேஜர், அதாவது பொருள் சேகரிக்கும் வேலையாள், நிமிடத்துக்குச் சுமார் 23 மரம் வெட்டுவான். ஆக 200 மரம் என்பது எட்டு ஒன்பது பேரின் ஒரு நிமிட உழைப்பு. ஃபியூடல் யுகம் ஏறிய நொடியில் வில்லாளர் கூடம் கட்ட 175 மரம் வேண்டும். அது கையில் தயாராக இருக்கும். அதனால் நல்ல ஆட்டக்காரர் அதற்கு இரண்டு நிமிடம் முன்பே ஓரிரு ஆட்களை மரத்திலிருந்து எடுத்து உணவுக்கு அனுப்பிவிடுவார். சலுகை யுகம் ஏறும்போது; மாற்றமோ அதற்கு முன்னால், காட்டோரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்.

ஈட்டி எறியும் ஸ்கர்மிஷரையும் பாருங்கள். மற்றவர்களுக்கு மூன்று நொடிக்கு ஓர் எறி. திராவிடருக்கு 25 சதவீதம் வேகம், அதாவது 2.4 நொடி. பன்னிரண்டு நொடியில் எதிரி நாலு எறிந்தால் நாம் ஐந்து. 'ஊட்ஸ் ஸ்டீல்' ஆய்வு செய்தால் காலாட்படையின் அடியைக் கவசம் தடுக்காது. எல்லா மேம்பாடும் முடிந்த சாம்பியன் வீரனின் அடி 17. எதிரே முழுக் கவசமிட்ட பாலடின் குதிரைவீரனுக்குக் கவசம் 5, உயிர் 180. சாதாரணமாக 15 அடி தேவை. நம் எஃகுக்கு 11 போதும். பழங்கால எஃகு உலைகளைத் தோண்டி எடுத்த கொடுமணல் மண்ணுக்கு இந்தப் பெருமை தகும். இந்த இடத்தில் விளையாட்டு வரலாற்றைச் சரியாகவே படித்திருக்கிறது.

பிழை லாயத்தில் இருக்கிறது. திராவிடருக்கு நைட் என்ற கனரகக் குதிரைவீரன் கிடையவே கிடையாது. மற்ற தெற்காசிய நாகரிகங்களுக்கும் இல்லைதான், ஆனால் இந்துஸ்தானியருக்கு ஒட்டகம், கூர்ஜரருக்குச் சொந்தக் குதிரைப்படை என்று மாற்று உண்டு. நமக்கு லேசான குதிரையும் யானையும்தான். அரேபியா போன்ற திறந்தவெளி மேப்பில் வேகமாக வந்து வில்லேஜரை வெட்டிவிட்டு ஓடும் எதிரியைத் துரத்திப் பிடித்து மோத வலுவான ஆள் இல்லை. அந்தப் பையன் தோற்றது அதனால்தான். தண்ணீர் உள்ள மேப்பில் இதே திராவிடரை எல்லோரும் மதிக்கிறார்கள். நிலத்தில் பின்தங்குவதைச் சரிசெய்ய அவ்வப்போது வேறு சலுகைகள் வருகின்றன. லாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆஸ்டெக், மாயா நாகரிகங்களுக்கும் குதிரை இல்லை. அது வரலாறு, ஸ்பானியர் வரும் வரை அவர்கள் குதிரையைப் பார்த்ததில்லை. தமிழகம் அப்படியா? சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் என்று படைப்பிரிவே இருக்கிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்று வணிகர் பெயர்களும் வருகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறான், பராமரிப்புத் தெரியாமல் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதினார். குதிரை இருந்தது. கடல் தாண்டி வந்தது. கஜானாவைக் காலி செய்தது. 'இல்லை' என்பதும் 'விலை அதிகம்' என்பதும் ஒன்றல்ல. பேலன்ஸ் பார்க்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

செய்தும் பார்த்தேன். விளையாட்டின் எண்களைத் திருத்தும் அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டரில் திராவிடருக்கு நைட்டைத் திறந்துவிட்டு, அதை டேட்டா மாடாக நண்பர்களோடு ஆடினோம். முதலில் எல்லோருக்கும் உள்ள விலையிலேயே வைத்தேன்: 60 உணவு, 75 தங்கம். மூன்றே ஆட்டத்தில் நாகரிகம் செத்துவிட்டது. யாரும் ஸ்கர்மிஷர் பக்கம் போகவில்லை, யானை வில்லாளரை மறந்தார்கள், குதிரைக்குப் பெயர்போன பிராங்குகளை ஆடுவது போலவே ஆடினார்கள். அப்போது தயாரிப்பாளர்களின் பயம் எனக்குப் புரிந்தது. பிறகு தங்கத்தை 110 ஆக்கினேன். ஆட்டம் மாறியது. நாலைந்து குதிரைதான் எடுக்க முடிந்தது. ஒன்று செத்தால் வலித்தது. கோட்டை வாசலில் மோத விடாமல், எதிரியின் வில்லேஜரைக் கலைக்கவும் முற்றுகை எந்திரத்தைப் பிடிக்கவும் மட்டுமே அனுப்பினார்கள். தங்கத்துக்காகச் சந்தையையும் மீன்பிடிப் படகையும் முன்னாலேயே கவனித்தார்கள். கடலில் சம்பாதித்துக் குதிரை வாங்கும் ஒரு தென்னாட்டு அரசு கண் முன்னே நடந்தது. அந்த ஒரு எண்ணில் மார்க்கோ போலோ இருந்தார்.

கேன்டீனில் கேட்ட பையனிடம் இரண்டாவது மாடைக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து, "இப்பவும் தோக்கறேன் சார், ஆனா எதனால தோக்கறேன்னு தெரியுது" என்றான். தன் தோல்விக்குக் காரணத்தை ஆட்டக்காரன் கண்டுபிடிக்க முடிவதுதான் நல்ல பேலன்ஸ். ஜெயிக்கும் சதவீதத்தை ஐம்பதுக்குக் கொண்டுவருவது அதற்கு அடுத்தபடி.

இதையெல்லாம் வெளிநாட்டு நிறுவனம் செய்து தரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. '0 ஏ.டி.' என்றொரு வியூக விளையாட்டு இருக்கிறது. இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. ஒரு வீரனின் உயிர், விலை, வேகம் எல்லாம் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும் எண்கள். 2022 முதல் அதன் ஆட்டக்காரர்களே 'கம்யூனிட்டி மாட்' என்று ஒன்றை நடத்தி, பேலன்ஸ் மாற்றங்களை அதில் ஆடிப் பார்க்கிறார்கள். அந்த விளையாட்டின் காலம் கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை. மௌரியர் இருக்கிறார்கள், ரோமர் இருக்கிறார்கள். ரோமரோடு மிளகு வணிகம் செய்த சேரர் இல்லை, சோழர் இல்லை, பாண்டியர் இல்லை. காலம் அப்படியே சங்க காலம். இடம் காலியாக இருக்கிறது.

தாம்பரம்–ஸ்ரீபெரும்புதூர் பாதையில் உள்ள கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளிடமும், கல்வெட்டு படிக்கும் வரலாற்று மாணவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு மேசையில் உட்காருங்கள். புறநானூற்றுக் காலத்துப் படையில் தேர் எத்தனை, யானை எத்தனை, குதிரைக்கு என்ன விலை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதை எண்ணாக எழுதட்டும். ஆடிப் பார்க்க நான் வருகிறேன்.

(கட்டுரையாளர் ஒரகடத்தில் பணிபுரியும் தொழிற்பொறியாளர்)