கட்டுச்சோறு இல்லாத விளையாட்டு விழா

ஜப்பானில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் குடும்பங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. கோடைப் புழுக்கம் தணிந்ததும் ஒவ்வொரு வார இறுதிக்கும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் நிலா பார்க்கும் இரவில் அரிசிமாவு உருண்டைகளை அடுக்கி வைத்து வானத்தைப் பார்ப்பார்கள். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் வயலுக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டி வருவார்கள். மலைச்சரிவில் சிவந்து கிடக்கும் மேப்பிள் இலைகளைப் பார்க்க ரயில் ஏறுவார்கள். நவம்பர் 15ஐ ஒட்டி வரும் 'ஷிச்சி-கோ-சான்' என்ற சடங்குக்கு மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நீளமான குச்சி மிட்டாயையும் கையில் கொடுப்பார்கள்.

எல்லாமே அழகான வழக்கங்கள்தான். ஆனால் இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கோயிலுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போய்விட்டுத் தனித்தனியாகத் திரும்பி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரியாமலேயே ஒரு இலையுதிர் காலத்தை முழுதாகக் கொண்டாடி முடித்துவிடலாம்!

இதற்கு விதிவிலக்காக இருந்தது பள்ளி விளையாட்டு விழா. 'உண்டோகாய்' என்பார்கள். 1874இல் தோக்கியோவின் சுகிஜி பகுதியில் இருந்த கடற்படைப் பள்ளியில், ஆங்கிலேயப் பயிற்சியாளர்கள் நடத்திய போட்டிகளே இதன் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 1964 அக்டோபர் 10 அன்று தோக்கியோ ஒலிம்பிக் தொடங்கியதன் நினைவாக 1966 முதல் அந்த நாள் அரசு விடுமுறை ஆனது. 2000 முதல் அது அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமைக்கு மாறியது. இதனால் இலையுதிர் காலமும் விளையாட்டு விழாவும் ஜப்பானியர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

விழா எப்படி நடக்கும்? பிள்ளைகள் சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து, அந்தந்த நிறத்தில் தொப்பி போட்டுக்கொள்வார்கள். 12ஆம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட இரண்டு குலங்களின் கொடி நிறங்கள் இவை. கயிறு இழுக்கும் போட்டி, தொடர் ஓட்டம், உயரமான கம்பத்தில் கட்டிய கூடைக்குள் பந்து எறிவது, வகுப்பு வாரியாக நடனம் என்று காலை கழியும். பிறகு மதியம் வரும். மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் பாய் விரித்து, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை உட்கார்ந்து, அடுக்கு டப்பாவைத் திறப்பார்கள். ஓநிகிரி என்ற சோற்றுருண்டை, பொரித்த கோழி, முட்டைச் சுருள், ஆக்டோபஸ் போல வெட்டிப் பொரித்த சாசேஜ் எல்லாம் உள்ளே இருக்கும். பாய்க்குப் பாய் நாலு விரல்தான் இடைவெளி. "உங்க பையன் நல்லா ஓடினானே" என்று ஒரு பாய் சொன்னால் அடுத்த பாயிலிருந்து ஒரு பழம் வரும். ஒரு தெருவே சேர்ந்து சாப்பிடும் நாள் வருடத்தில் அது ஒன்றாகத்தான் இருந்தது.

அந்த மதியம் இப்போது பல பள்ளிகளில் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது விழாக்கள் ரத்தாயின, அல்லது அரை நாளாகச் சுருங்கின. கொரோனா போன பிறகும் பல பள்ளிகள் அரை நாளிலேயே நின்றுவிட்டன. பன்னிரண்டு மணிக்குள் போட்டிகள் முடிந்துவிடும். பிறகு பிள்ளைகள் வகுப்பறையில் சாப்பிடுவார்கள், அல்லது வீட்டுக்குப் போய்விடுவார்கள். வந்த பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் "அந்தக் காலம் போல வருமா!" என்று பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் அரை நாளாக மாற்றியதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றும் லேசானவை அல்ல.

முதலாவது வெயில். 2025 ஆகஸ்டு 5 அன்று குன்மா மாகாணத்தின் இசெசாகி நகரில் 41.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. செப்டம்பரிலும் அந்தச் சூடு முழுதாக அடங்குவதில்லை. அக்டோபர் விழாவுக்குச் செப்டம்பரில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் மயங்கி விழும் ஆபத்து நிஜமானது. சில பள்ளிகள் விழாவை மே மாதத்துக்கே மாற்றிவிட்டன.

இரண்டாவது அம்மாக்களின் வேலை. அந்த அடுக்கு டப்பா தானாக நிரம்பவில்லை. விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு எழுந்து யாரோ ஒருவர் நிரப்பினார். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், மனைவி வீட்டில் இருக்கும் குடும்பங்களைவிட அதிகமாகி 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாரம் முழுக்க அலுவலகம் போய்விட்டு, சனிக்கிழமை நாலு மணிக்கு எழுந்து முட்டைச் சுருள் சுற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஊரே பார்க்கத் திறக்கும் டப்பா என்பதால் அதில் ஒரு போட்டியும் உண்டு. பிள்ளைகள் மைதானத்தில் ஓடினால், அம்மாக்கள் சமையலறையில் ஓடினார்கள்.

மூன்றாவதுதான் மிகவும் வலிக்கும் காரணம். எல்லாப் பாயிலும் ஆள் இருக்காது. விடுமுறை நாளிலும் கடையிலோ மருத்துவமனையிலோ வேலைக்குப் போயாக வேண்டிய பெற்றோர் இருக்கிறார்கள். அரசின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெரியவர் ஒருவர் மட்டுமே உள்ள குடும்பங்களில் 44.5 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. எல்லோரும் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு பிள்ளை மட்டும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்காகவே, கொரோனாவுக்கு முன்பே சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பறைக்குள் சாப்பிட வைத்தன.

இந்த மூன்று காரணங்களும் சரி. ஆனால் கண்டுபிடித்த தீர்வு சரிதானா? இங்கேதான் கேள்வி வருகிறது.

ஒருவனுக்குக் கிடைக்காத ஒன்றை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும். ஆனால் அந்த ஒருவனுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை. முன்பு அவன் தனியாகச் சாப்பிட்டான், இப்போது எல்லோரும் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நல்ல வழி ஜப்பானின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1889இல் யமகாதா மாகாணத்தின் சுருவோகாவில், ஒரு கோயிலுக்குள் இயங்கிய பள்ளி, மதியச் சாப்பாடு கொண்டுவர முடியாத ஏழைப் பிள்ளைகளைப் பார்த்தது. மற்ற பிள்ளைகளின் டப்பாவை அது மூடச் சொல்லவில்லை. இல்லாதவர்களுக்குச் சோற்றுருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்தது. அந்நாட்டுப் பள்ளி உணவுத் திட்டத்தின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1954இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் மதிய உணவு உண்டு. பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள்.

அப்படியானால் அதே பள்ளி உணவை விழா நாளன்று மைதானத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? போட்டிகள் பன்னிரண்டு மணிக்கே முடியட்டும். வெயில் கொளுத்தும் பிற்பகலில் யாரும் ஓட வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், கூடாரத்தின் நிழலிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ எல்லோரும் சேர்ந்து உட்காரட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் சோற்றுருண்டை, பெரியவர்களுக்கு முன்பதிவு செய்து காசு கட்டிய அதே சோற்றுருண்டை. எல்லோர் கையிலும் ஒரே பொட்டலம் இருந்தால் டப்பாப் போட்டியும் இல்லை, நாலு மணி அலாரமும் இல்லை. குடும்பம் குடும்பமாக இல்லாமல் சிவப்பு அணி ஒரு பக்கம், வெள்ளை அணி ஒரு பக்கம் என்று உட்கார வைத்தால், அம்மா வர முடியாத பிள்ளையும் தன் அணியோடு உட்கார்ந்திருப்பான். யார் வீட்டில் யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

"ஆசிரியர்களுக்கு இன்னொரு சுமையா?" என்று ஒரு எதிர்ப்பு வரும். நியாயமான எதிர்ப்புதான். 2018இல் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். ஆகவே இந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. பெற்றோர் சங்கமும் ஊர்ச் சங்கமும்தான் எடுத்து நடத்த வேண்டும். அதில் அப்பாக்கள் முதலில் கை கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு அது ஒரு சின்னக் கைமாறு!

ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். 2024இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. பிள்ளைகள் குறைந்து, தெருக்கள் அமைதியாகிக்கொண்டு வரும் ஒரு நாட்டில், மூன்று தலைமுறையும் அக்கம்பக்கமும் ஒரே இடத்தில் உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். தொடர் ஓட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது பத்து வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பது நினைவிருக்கும். ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சோற்றுருண்டையை மட்டும் மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.