ஆபிரிக்க மேளமும் நமது றபானும்

ஆபிரிக்க இசை என்றதும் தோல்மேளமும் வெறியாட்டமுமே நம்மவர் பலரின் நினைவுக்கு வருகின்றன. அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் ஒருபுறம். இசையே முஸ்லிம்களுக்கு ஆகாது என்போர் மறுபுறம். இரு சாராரும் வரலாற்றை மறந்தே பேசுகின்றனர்.

2012 செப்டெம்பரில் 'ஆபிரிக்கா எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஆபிரிக்க, மேலைத்தேயக் கலைஞர்கள் தனிப் புகையிரதமொன்றில் பிரித்தானிய நகரங்களுக்குச் சென்று இசை நிகழ்ச்சிகள் நடத்தினர். மாலி நாட்டு ரொக்கியா திராவோரே, செனகல் நாட்டு பாபா மால் ஆகியோரும் அவற்றிற் பங்குகொண்டனர். இவ்விரு நாடுகளிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்களே. அதே ஆண்டில் மாலியின் வடபகுதியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் மார்க்கத்தின் பெயரால் இசையைத் தடைசெய்தன. தடுத்தோர் மட்டுமல்லர், வாய் மூடப்பட்டோரும் முஸ்லிம்களே. வடக்கிலிருந்து தலைநகர் பமாக்கோவுக்கு இடம்பெயர்ந்த இளைஞர்கள் 'சொங்கோய் புளூஸ்' என்ற குழுவை அமைத்துப் பாடினர். அதற்கு முன்னரே, செனகலின் யூசு ந்தூர் சூபி ஞானியரைப் போற்றி 2004இல் 'ஈஜிப்ட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தாய்நாட்டில் அது கண்டனத்துக்குள்ளாயிற்று. 2005இல் கிராமி விருது பெற்றது.

இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நிகழும் கொடியேற்றத்தில் பக்கீர்மார் றபான் தட்டி பைத் பாடுவது வழக்கம். பொல்லடியும் நாட்டார் கவியும் இக்கரையோர மக்களின் செல்வங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆபிரிக்கத் தாளமும் இத்தீவுக்கு அந்நியமன்று. புத்தளம் சிறாம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்சா இசை அதற்குச் சான்று; இன்று திருமண வீடுகளில் ஒலிக்கும் பைலாவிலும் அத்தாளத்தின் சாயல் உண்டு.

மார்க்கப் பற்றினால் இசையை விலக்குவோரின் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் நிபந்தனைகளுடன் இசையை ஏற்றுக்கொண்டார் என்பதையும் அவர்கள் மறைத்தலாகாது. தாம் கேளாதிருத்தல் வேறு. பிறர் பாடக்கூடாதென வாயடைத்தல் வேறு. முன்னையது பேணுதல், பின்னையது அடக்குமுறை.

பல்கலைக்கழகத்தாரின் மௌனமும் இவ்வழிவுக்குத் துணைபோவதே. பொல்லடி அண்ணாவிமாரும் கவி பாடும் மூதாட்டியரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களைச் சங்க மேடைக்கு அழைப்போம். அவர்தம் குரல்களை ஒலிப்பதிவு செய்வோம். மாலியின் இசையைத் துப்பாக்கி தடுத்தது, அது மீண்டெழுந்தது. நமது இசையை அலட்சியம் கொல்கின்றது. அவ்வாறு மடிந்தது மீளாது.